ஓரின் டெக்கர் தன்னையே தள்ளிவைத்த கதை

ஓரின் டெக்கர் நல்லவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் நான் சொல்லப்போவதைக் கேட்டால் உங்களுக்குச் சந்தேகம் வரும். குடிக்கமாட்டான். கடன் வைக்கமாட்டான். ஊரில் யார் வீட்டுத் துணி துவைக்கும் இயந்திரம் நின்றாலும் ஞாயிற்றுக்கிழமை என்றுகூடப் பார்க்காமல் வந்து கழற்றி மாட்டிக் கொடுப்பான். அவன் இவன் என்று சொல்கிறேனே என்று பார்க்காதீர்கள். அமெரிக்காவில் மிசூரி மாநிலத்தின் இந்த மூலையில் நான் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டத் தொடங்கிய வருடம் அவன் மூன்றாம் வகுப்பு. பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு, மற்ற பிள்ளைகள் கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டினால் எனக்குப் புகார் சொல்லுவான். ஐம்பது வயது தாண்டியும் அந்தக் குணம் போகவில்லை.

அவன் மனைவி மார்லிஸும், அவளுடைய தம்பி லோவெலும் அதே பேருந்தில் வந்தவர்கள்தாம். கையை நீட்டியவன் லோவெல்.

ஓரினுக்குத் துப்பாக்கி ஆசை வந்ததே ஒரு திருட்டினால். ஒருநாள் காலையில் வேனைக் கிளப்பினால் அது டிராக்டர் மாதிரி உறுமியது. யாரோ இரவோடு இரவாக வண்டியின் அடியில் படுத்துப் புகைக்குழாயில் நல்ல விலைக்குப் போகிற ஒரு துண்டை அறுத்துக்கொண்டு போயிருந்தான். படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழே ரம்பம் போட்டு அறுத்திருக்கிறான், இவன் குறட்டை விட்டுக்கொண்டிருந்திருக்கிறான். தூங்குகிறவனுக்குத் துப்பாக்கி எதற்கு, ஒரு நாய் வாங்கு என்றேன். அவன் கேட்கவில்லை.

எங்கள் ஊரில் துப்பாக்கி இல்லாத வீடு கிடையாது. என் வீட்டிலும் கதவுக்குப் பின்னால் என் கணவர் விட்டுப்போன பழைய இரட்டைக்குழல் சாய்ந்து நிற்கிறது. அதை நாங்கள் யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, அது பாட்டுக்கு இருந்தது. ஓரின் அப்படி இல்லை. அவன் இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து தேர்ந்தெடுத்தான். டொயிலின் கடைதான் எங்கள் ஊருக்குத் துப்பாக்கிக் கடை, மீன்தூண்டில் கடை, வெட்டிப்பேச்சுக் கடை எல்லாம். அங்கே கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் இரண்டு கட்சி. ஒன்பது மில்லிமீட்டர் குண்டுதான் நல்லது என்கிற கட்சி ஒன்று, அதைவிடப் பெரிய நாற்பத்தைந்துதான் என்கிற கட்சி ஒன்று. இரண்டு கட்சியும் காப்பிக் கோப்பையும் கையுமாக முப்பது வருடமாகச் சண்டை போடுகின்றன, ஒருவன்கூட இதுவரை கட்சி மாறியதில்லை. ஓரின் இரண்டு பக்கத்தையும் கேட்டுக் குறிப்பெடுத்து, வீட்டுக்கு வந்து மார்லிஸிடம் விளக்குவான். அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே ம் கொட்டுவாள்.

ஒருநாள் அவளையும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனான். டொயில் பெண்களைக் கண்டால் உடனே ஒரு காரியம் செய்வான். பெட்டியின் ஓரத்திலிருந்து ரோஸ் நிறப் பிடி போட்ட சின்ன ரிவால்வர் ஒன்றை எடுத்து வைப்பான்.

"இது பொம்பளைங்களுக்குன்னே வந்தது மார்லிஸ். கைப்பையில வெச்சா வெயிட்டே தெரியாது."

"ரோஸ் கலர்ல சுட்டா திருடனுக்கு வலி கம்மியா இருக்குமா டொயில்?" என்றாள் மார்லிஸ்.

காப்பிக் கட்சிகள் இரண்டும் முதன்முறையாகச் சேர்ந்து சிரித்தன. அவளுக்கு ஒன்றும் வாங்கவில்லை. ஓரின் கடைசியில் ஒன்பது மில்லிமீட்டரில் கறுப்பாக ஒன்றை வாங்கினான். டொயில் வீட்டில் வைத்திருப்பதும் அதேதான் என்று பிறகு தெரிந்தது. இரண்டு குளிர்காலம் யோசித்துக் கண்டுபிடித்தது அது.

துப்பாக்கி வாங்கியதோடு முடிந்துவிடும் என்று மார்லிஸ் நினைத்தாள், பாவம். அப்புறம் உறை. இடுப்புக்கு வெளியே மாட்டுகிற உறை, உள்ளே மாட்டுகிற உறை, கணுக்காலில் கட்டுகிற உறை, கார் ஓட்டும்போது அக்குளில் தொங்குகிற உறை. ஒவ்வொன்றும் ஒரு வாரம் போட்டுப் பார்ப்பான், குத்தும், கழற்றி இழுப்பறையில் எறிவான். எங்கள் ஊரில் துப்பாக்கி வைத்திருக்கிற எந்த ஆண்பிள்ளை வீட்டுக்குப் போனாலும் இந்த இழுப்பறை இருக்கும், மூடவே மூடாது. கடைசியில் இடுப்புக்கு உள்ளே மாட்டுவது ஒன்று ஒத்துக்கொண்டது. அது வெளியே தெரியக்கூடாதென்று இரண்டு அளவு பெரிய சட்டைகள் வாங்கினான். மாதா கோயிலில் மர பெஞ்சில் அது இடுப்பைக் குத்தும், ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் உட்காருவான். மூல வியாதியோ என்று நினைத்துப் பாதிரியார் மார்லிஸைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு களிம்பின் பெயர் சொல்லியிருக்கிறார்.

பிறகு பயிற்சி. பக்கத்து மாநிலத்தில் தாடி வைத்த ஒரு ஆசாமி நடத்திய முகாமுக்குப் போய்விட்டு வந்தான். அதன் பிறகு உணவுக்கடையில் வாசலைப் பார்த்துத்தான் உட்காருவான், முதுகைச் சுவருக்குக் கொடுத்து. எவன் எப்போது நுழைவான் என்று தெரியாதாம். ஐம்பது வருடமாக அந்தக் கடைக்குள் நுழைகிறவர்கள் அதே பன்னிரண்டு பேர்தான்.

"ரொவீனாம்மா, இவரோட வெளிய சாப்பிட ஆரம்பிச்சதுலேர்ந்து நான் ஜன்னலையே பாத்ததில்ல," என்று மார்லிஸ் என்னிடம் சொன்னாள். "இவரு வாசலைப் பாக்குறாரு. நான் சுவத்துல மாட்டியிருக்கிற மீனைப் பாக்குறேன்."

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஓரின் ஒழுங்காகக் கற்றுக்கொண்டான். நன்றாகச் சுட்டான். அதைவிட நன்றாகப் புகார் சொன்னான். அதனால் துப்பாக்கிச் சங்கத்தில் அவனைப் பாதுகாப்பு அதிகாரி ஆக்கினார்கள். சம்பளம் இல்லை, ஒரு ஆரஞ்சு நிறத் தொப்பி உண்டு. புதிதாக வருகிறவர்களுக்கு அவன்தான் பாடம் எடுப்பான். எந்தத் துப்பாக்கியும் குண்டு நிரப்பியதாகவே நினைத்துக்கொள். அழிக்க விரும்பாத எதன்மேலும் குழலைத் திருப்பாதே. சுடத் தீர்மானிக்கும் வரை விசையில் விரல் வைக்காதே. குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள். இந்த நான்கையும் அவன் சொல்லும்போது பாதிரியார் சொல்லும் பத்துக் கட்டளை கொஞ்சம் தளர்வாகத் தோன்றும்.

இவற்றோடு அவனே ஒரு சட்டமும் கொண்டுவந்தான். யாருடைய துப்பாக்கியாவது நினைக்காமல் வெடித்தால், அந்த ஆள் சங்கத்துக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று "என் கவனக்குறைவு" என்று சொல்ல வேண்டும். பிறகு ஒரு வருடம் சுடுதளத்துப் பக்கம் வரக்கூடாது. தற்செயல் என்ற சொல்லே அங்கே கூடாது. துப்பாக்கி தானாக வெடிக்காது, மடையன்தான் வெடிக்கவைக்கிறான் என்பது அவன் கட்சி. சொல்லப்போனால் அது சரியான கட்சிதான்.

அந்தச் சட்டத்தில் முதலில் விழுந்தவன் லோவெல். போன வசந்தத்தில், குளிர்ச்சட்டையின் நாடா உறைக்குள் மாட்டியிருந்தது தெரியாமல் துப்பாக்கியைச் சொருகினான். நாடா விசையை இழுத்துவிட்டது. குண்டு அவன் பூட்சுக்குப் பக்கத்தில் மண்ணில் இறங்கியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

"நாடா மாட்டிக்கிச்சு மச்சான். தற்செயலா நடந்தது," என்றான் லோவெல்.

"தற்செயல்னு ஒண்ணு கிடையாது. உறைக்குள்ள பாத்தியா? பாக்கல. அதுக்குப் பேரு கவனக்குறைவு. எந்திரிச்சு நின்னு சொல்லு."

"எங்க அக்கா புருஷன்கிட்ட நான் மன்னிப்புக் கேக்கணுமா?"

"என்கிட்ட இல்ல. சங்கத்துகிட்ட."

"போய்யா, நீயும் உன் தொப்பியும்," என்று சொல்லிவிட்டுப் போனவன்தான். அந்தச் சொல்லைச் சொல்லாததால் அவனுக்கு வருடக் கணக்கே தொடங்கவில்லை என்று ஓரின் தீர்ப்பு எழுதிவிட்டான். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அந்தச் சொல்லைச் சொல்லும் வரை தன் வீட்டு மேசையிலும் அவனுக்கு இடமில்லை என்றான். ஜூலையில் சுதந்திர தினப் பட்டாசுக்கு லோவெல் வரவில்லை. மார்லிஸின் பிறந்த நாளுக்கும் வரவில்லை. அம்மா அப்பா போன பிறகு அவளுக்கு இருப்பது அந்த ஒரு தம்பி. இலையுதிர்காலம் வந்து, குடும்பமெல்லாம் ஒரே மேசையில் விருந்துண்ணும் நன்றி நாள் நெருங்கியதும் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"நன்றி நாளுக்கு லோவெலைக் கூப்பிடு ஓரின். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

"அவன் ஒரு வார்த்தை சொல்லட்டும், கூப்பிடறேன்."

"நீ ஒரு தடவை விட்டுக்கொடு."

"துப்பாக்கி விட்டுக்கொடுக்குமா?"

இப்படிப் பேசுகிறவனோடு என்ன பேசுவது? எனக்கே அவன் தொப்பியைப் பிடுங்கி அடுப்பில் போடலாம் போல இருந்தது.

நவம்பர் தொடக்கத்தில் அது நடந்தது. அன்று மாதா கோயிலில், ஆளுக்கு ஒரு பதார்த்தம் கொண்டுபோகிற ஊர் விருந்து. மார்லிஸ் மாலையிலேயே கிளம்பிவிட்டாள். ஓரின் தன் தினசரிப் பயிற்சிக்கு நின்றான். குண்டையெல்லாம் எடுத்து வேறு அறையில் வைத்துவிட்டு, காலித் துப்பாக்கியை உறையிலிருந்து உருவி, குறி பார்த்து விசையை அழுத்துகிற பயிற்சி. கூடத்தின் விளக்குச் சுவிட்ச்தான் குறி. இதற்கென்றே ஒரு காதுமூடி வாங்கியிருந்தான். வெளிச்சத்தம் ஒன்றும் உள்ளே வராது, ஆனால் உள்ளேயே "பீப்" என்று ஒன்று கேட்கும், அது கேட்டதும் உருவ வேண்டும். எவ்வளவு நேரத்தில் உருவினான் என்று கைப்பேசி சொல்லும்.

அன்றைக்குப் பயிற்சி முடித்தான். குண்டை நிரப்பினான். உறையில் சொருகினான். எல்லாம் முறைப்படி. காதுமூடியைக் கழற்றக் கை போகும்போது கைப்பேசியைப் பார்த்தான். அவனுடைய மிகச் சிறந்த நேரத்துக்கு ஒரு மயிரிழை பின்னால் இருந்தான். இன்னும் ஒரே ஒரு தடவை என்று தோன்றியது.

துப்பாக்கிக்காரர்களைத் தவிர வேறு யாராலும் இந்தத் தவறைச் செய்யமுடியாது. சோம்பேறி செய்யமாட்டான், அவன் பயிற்சியே எடுப்பதில்லை. முறையாக நிரப்பி முறையாகச் சொருகிய பிறகு இன்னும் ஒரு தடவை முறையாக உருவுகிறவன்தான் செய்வான். "பீப்" கேட்டது. உருவினான். அன்றுதான் சுவிட்சின் சரியான நடுவில் குண்டு பட்டது.

விளக்கு அணைந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் சாமான் அறை. அதில் மார்லிஸ் பதப்படுத்தி மேல்தட்டில் வைத்திருந்த பீச் பழப் பாட்டில்களை உடைத்துக்கொண்டு குண்டு எதிர்ச்சுவரின் கட்டையில் புதைந்து நின்றது. சத்தம் வெளியே கேட்டிருக்கும், ஆனால் மான் வேட்டைக்கு முன்னால் எங்கள் ஊரில் எல்லாரும் துப்பாக்கியைச் சோதித்துப் பார்க்கிற காலம் அது. வெடிச்சத்தம் கேட்டால் யாரும் தலையைத் திருப்புவதில்லை. ஓரின் கொஞ்ச நேரம் இருட்டில் நின்றான். பிறகு உட்கார்ந்தான். இதையெல்லாம் பின்னால் அவனே ஊர் முழுக்க நாற்பது தடவை சொன்னதால்தான் எனக்கு இவ்வளவு தெரியும்.

அன்று விருந்தில் மார்லிஸ் வந்து என் பக்கத்தில் நின்றாள். தலை ஈரமாக இருந்தது, துணி சுற்றியிருந்தாள்.

"என்னடி, உடம்பு சரியில்லையா? உன் பீன்ஸ் எங்க?"

"மறந்துட்டேன் ரொவீனாம்மா."

"தலை ஏன் இப்படி ஈரமா இருக்கு?"

"கழுவினேன்."

என் கண் இப்போது வண்டி ஓட்ட உதவாது. வரும்போது வேறு ஒருவர் வண்டியில் வந்திருந்தேன், அவள்தான் என்னைத் திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும். வழியில் அவள் வீட்டில் இறங்கினோம். ஓரின் கூடத்தில் நின்று புன்னகைத்தான். இயந்திரம் பழுது பார்க்கிறவன் அல்லவா, சுவரில் பளபளவென்று ஒரு புதுச் சுவிட்ச் வந்திருந்தது. திருகினால் வெளிச்சம் கூடும், குறையும்.

"புது சுவிட்சா?" என்றாள் மார்லிஸ்.

"ஆமா. பழசு போயிடுச்சு."

"எப்படி?"

"திடீர்னு."

அவள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் முந்திக்கொண்டான். "அப்புறம், சாமான் ரூம்ல பீச் பாட்டில் ரெண்டு மூணு உடைஞ்சு கிடந்துச்சு. துடைச்சுட்டேன். ஏதோ ரக்கூன் பிராணி திங்கறதுக்கு உள்ள பூந்திருக்கு. நீதான் பின்கதவைத் தொறந்து போட்டுட்டுப் போயிட்ட மார்லிஸ். எத்தனை தடவை சொல்றது, வீட்டைப் பாதுகாப்பா வைக்கணும்னு?"

மார்லிஸ் மேல்சட்டையைக்கூடக் கழற்றாமல் என்னைக் கொண்டுவிடக் கிளம்பிவிட்டாள். அன்றிலிருந்து அவள் சாமான் அறைக்குள் போவதில்லை. உப்பு வேண்டுமென்றாலும் ஓரினைத்தான் அனுப்புவாள். முழங்கால் வலி என்று அவன் நினைத்துக்கொண்டு அவளுக்கு ஒரு முழங்கால் பட்டை வாங்கிக் கொடுத்தான். தனக்கும் வாங்கிக்கொண்டான்: துப்பாக்கியைக் காலி செய்யும்போது குழலை நுழைத்துக்கொள்ள மணல் நிரப்பிய ஒரு வாளி, பயிற்சிக்கென்றே குண்டு போட முடியாத ஒரு நீல நிற பிளாஸ்டிக் துப்பாக்கி, சுவிட்சுக்குப் பின்னால் சுவருக்குள் ஒரு இரும்புத் தகடு. அவனுக்குப் பயம் வந்தால் கடைக்குத்தான் போவான்.

அடுத்த சனிக்கிழமை சங்கத்தில் அவன் வகுப்பு. மார்லிஸும் நானும் ரொட்டிக்குள் இறைச்சி வைத்துக் கட்டிக்கொண்டு போயிருந்தோம். புதிதாக வந்த ஒரு நர்ஸ் பெண் கை தூக்கினாள்.

"சார், உங்களுக்கு எப்பவாவது தவறுதலா வெடிச்சிருக்கா?"

ஓரின் தொப்பியைச் சரி செய்துகொண்டான். "இல்லம்மா. விதியை மதிக்கிறவனுக்கு வெடிக்காது."

மார்லிஸ் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். திரும்பி வரும்போது நான் பின்சீட்டில்.

"அந்தப் பொண்ணுகிட்ட பொய் சொன்னே," என்றாள் மார்லிஸ்.

"எது பொய்?"

"சுவிட்ச் திடீர்னு போச்சா ஓரின்? பீச் பாட்டிலை ரக்கூன் சுட்டுச்சா?"

வண்டி ஒருமுறை கோணலாகப் போய்த் திரும்பியது. "உனக்கு... எப்படித் தெரியும்?"

"அது என் வீடும்தான்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் ஆத்திரம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்திருக்கிறான். லோவெலை மேசையிலிருந்து தள்ளிவைத்தவன் இவன்! "டேய் ஓரின், மூணாங் கிளாஸ்ல எத்தனை பேரைக் காட்டிக்கொடுத்தே, இப்ப உன்னை நீயே காட்டிக்கொடு," என்றேன். அவன் கழுத்து சிவந்துபோயிருந்தது.

சொன்னான். அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். அந்த வாரக் கூட்டத்தில், மான்கறிக் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போது எழுந்து நின்றான். தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தான். இன்னும் ஒரே ஒரு தடவை என்று உருவியதைச் சொன்னான், சுவிட்சைச் சொன்னான், ரக்கூனைக்கூட விடவில்லை. "என் கவனக்குறைவு" என்றான். எனக்கே மனசு இளகிவிட்டது.

ஆனால் நடந்தது வேறு. டொயில்தான் சங்கத் தலைவன். அவன் கரண்டியை வைத்துவிட்டு எழுந்தான்.

"சரி விடு ஓரின். வீட்டுல யாரும் இல்ல, யாருக்கும் அடிபடல. தற்செயல்தானே?"

"ஆமா, தற்செயல்," என்றார்கள் இரண்டு கட்சியும்.

லோவெலுக்கு ஒரு நாடா மாட்டியதற்கு இதே ஆட்கள்தான் தலையாட்டி வெளியே அனுப்பினார்கள். ஓரின் போனால் சம்பளமில்லாமல் பாடம் எடுக்க வேறு ஆள் கிடைக்காது, அதுதான் விஷயம். ஓரினும் அதை உணர்ந்தான். உணர்ந்ததும் நிமிர்ந்தான்.

"தற்செயல்னு ஒண்ணு கிடையாது," என்றான். "சட்டம் எனக்கும்தான். இன்னைலேர்ந்து ஒரு வருஷம் நான் இந்தப் பக்கம் வரமாட்டேன்."

எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். டொயில் கண்ணைத் துடைத்துக்கொண்டான். உள்ளே போகும்போது தலை குனிந்து போனவன் வெளியே வரும்போது பீடத்தில் வைக்கத் தகுந்தவனாக வந்தான். மறுநாள் உணவுக்கடையில் ஒருவன் அவனுக்கு வாத்துமுட்டை அளவு வெண்ணெய் வைத்த அப்பம் வாங்கிக் கொடுத்தான். டொயில் கடையில் புதிதாகத் துப்பாக்கி வாங்க வருகிறவனுக்கெல்லாம் "தன்னையே தள்ளிவெச்ச ஆளு, இவருதான்" என்று அறிமுகம். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் கதை கொஞ்சம் வளர்ந்தது. சுவிட்ச் இன்னும் சின்னதாகியது, அவன் நேர்மை இன்னும் பெரிதாகியது. பொய்யைக்கூட ஒருவழியாகத் தாங்கிக்கொள்ளலாம், இந்த நேர்மையைத் தாங்க முடியவில்லை எனக்கு.

லோவெல் வீட்டுக்கும் அவனே போனான். லோவெல் வாசலில் நின்று முழுவதும் கேட்டுவிட்டு, படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தானாம்.

"சுவிட்ச் நடுவுலயா பட்டுச்சு மச்சான்?"

"நட்ட நடுவுல."

"அப்ப நான்தான் மோசம். எனக்கு மண்ணுலதான் பட்டுச்சு." சிரித்து முடித்துவிட்டு, "சரி, எனக்கும் கவனக்குறைவுதான். உறைக்குள்ள பாத்திருக்கணும்," என்றான். அத்தனை மாதம் வராத சொல் அவ்வளவு எளிதாக வந்துவிட்டது.

நன்றி நாள் வந்தது. வான்கோழி, சர்க்கரைவள்ளி, பூசணிப் பணியாரம் எல்லாம் மேசையில். லோவெல் அவனுடைய பழைய இடத்தில் உட்கார்ந்து அக்காவைக் கேலி செய்துகொண்டிருந்தான். மார்லிஸ் அவன் தட்டில் வைத்துக்கொண்டே இருந்தாள். அவள் கேட்டது கிடைத்துவிட்டது என்று நான் நினைத்தேன்.

சாப்பிடத் தொடங்குவதற்கு முன் ஒவ்வொருவரும் எதற்கு நன்றி என்று சொல்ல வேண்டும். நான் என் முழங்கால்களுக்குச் சொன்னேன். லோவெல், "மச்சான் ஒரு வருஷம் எங்கயும் சுடமாட்டாருங்கறதுக்கு," என்றான். ஓரினும் சிரித்தான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டான். எனக்குப் புரிந்துவிட்டது, நாற்பத்தோராவது தடவை வரப்போகிறது.

"நான் ஆண்டவனுக்கு நன்றி சொல்றேன். ஒரு மனுஷனுக்குத் தப்பைச் செய்யறது பெருசில்ல, அதை எழுந்து நின்னு ஒத்துக்கறதுக்கு ஒரு தைரியம் வேணும். அதைக் கொடுத்தார். நல்லவேளை, அன்னைக்கு வீட்டுல யாரும் இல்ல. ஆனாலும் சட்டம் சட்டம்தான்னு..."

"நான் சொல்றேன்," என்றாள் மார்லிஸ்.

"இன்னும் முடிக்கல மார்லிஸ்."

"நான் சொல்றேன். பீன்ஸ் பாட்டிலை நான் கீழ்த்தட்டுல அடுக்கியிருந்தேன். அதுக்கு நன்றி."

லோவெல் சிரிக்கப் போனான். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"அன்னைக்கு விருந்துக்கு பீன்ஸ் எடுத்துட்டுப் போக மறந்துட்டேன். பாதி வழியில ஞாபகம் வந்து திரும்பி வந்தேன். பின்கதவு வழியா. உன்னை ரெண்டு தடவை கூப்பிட்டேன் ஓரின். நீ காதுல அதை மாட்டியிருந்தே. சாமான் ரூம்ல குனிஞ்சு பாட்டில்ல கை வெச்சேன். அப்ப என் தலை மேல பீச் ரசம் ஊத்துச்சு, கண்ணாடியோட. ஓடிட்டேன். கதவை மூடத் தோணல. கோயில் குழாயில தலையைக் கழுவினேன்."

அந்தச் சுவிட்ச் மார்லிஸுக்கு நெஞ்சு உயரம். நான் அதைத் திரும்பிப் பார்த்தேன், லோவெலும் பார்த்தான். ஓரின் பார்க்கவில்லை. அவன் முகம் சாம்பலாகிப் போயிருந்தது.

"ஏன்..." என்றான் கடைசியில். "ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீயே கேப்பேன்னு காத்துக்கிட்டு இருந்தேன்," என்றாள் மார்லிஸ். அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும். "டொயிலுக்குச் சொன்னே. சங்கத்துக்குச் சொன்னே. இவனுக்குச் சொன்னே, கடைக்கு வர்றவன் போறவனுக்கெல்லாம் சொன்னே. நீ எங்கே இருந்தே மார்லிஸ்னு என்கிட்ட ஒரு தடவைகூடக் கேக்கலியே."